ஒருமுறை கோத்தால் ஊரெல்லாம் அச்சு
மாவட்ட இணையதளங்கள் ஒரே சாயலில் இருப்பது ஏன்?

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கரோல் பாகில் குமாஸ்தாவாக இருக்கிறார். அவருடைய அறைத்தோழர் திருநெல்வேலிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். முன்னவருக்கு மகளின் சாதிச் சான்றிதழுக்கு எங்கே மனுச் செய்வது என்று தெரிய வேண்டும். பின்னவருக்கு ஊர்த் தாசில்தார் அலுவலகத்தின் தொலைபேசி எண் வேண்டும். லீவு போட்டுவிட்டு ரயிலேறும் முன் இருவரும் தத்தம் மாவட்டத்தின் இணையதளத்தைக் கைபேசியில் திறக்கிறார்கள்.

இரண்டு தளங்களும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன. மேலே அரசு முத்திரை. பக்கத்தில் தமிழ், ஆங்கிலம் என மொழியை மாற்றும் பொத்தான். எழுத்தைப் பெரிதாக்கும் குறி. துறைகள், சுற்றுலா, அறிவிப்புகள், சேவைகள் என்ற தலைப்புகளும் ஒரே மாதிரிதான். படங்களும் விவரங்களும் மட்டுமே வேறு. ஒரு தளத்தில் வழி கண்டுபிடித்தவருக்கு மற்றொன்றில் திணற வேண்டியதில்லை.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. இதன் மூலம் தில்லியில் லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில், ‘ஏ’ பிளாக்கில் இருக்கிறது. 1976-ல் தொடங்கப்பட்ட தேசியத் தகவல் மையத்தின் தலைமையகம் அதுதான். அரசு அலுவலகங்கள் தாங்களாகவே இணையதளம் அமைத்துக்கொள்வதற்காக அம்மையம் ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. ‘எஸ்-3-வாஸ்’ என்பது அதன் பெயர். பாதுகாப்பு, விரிவாக்க வசதி, ‘சுகம்யா’ எனப்படும் எளிய அணுகல் ஆகிய மூன்றையும் அந்தப் பெயரிலுள்ள மூன்று ‘எஸ்’கள் குறிக்கின்றன. நாடெங்கும் மாவட்டத் தளங்கள் இந்த ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன. தமிழ்நாட்டின் மாவட்டத் தளங்களும் இதில் அடங்கும்.

அச்சாபீஸ் அறிந்த வித்தை

இதிலுள்ள தத்துவம் புதிதல்ல. ஈய எழுத்தைக் கையால் கோத்த நாளில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சாபீஸில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் எல்லா வரியையும் புதிதாகக் கோப்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான வாசகத்தைக் கலைக்காமல் கட்டிவைத்திருப்பார்கள். மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் மட்டும் மாறும். ரயில்வேயின் பழைய அட்டை டிக்கட்டும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த தாமஸ் எட்மண்ட்சன் 1830-களில் வகுத்த முறை அது. ஊர்ப் பெயரும் வகுப்பும் கட்டணமும் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். கவுண்டரில் தேதியை அழுத்திக் கொடுத்தால் டிக்கட் தயார்.

கம்ப்யூட்டர் உலகில் இந்த எண்ணத்தை உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் டக் மக்கில்ராய். 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மாநாட்டில் அவர் இதைப் பற்றிப் பேசினார். தொழிற்சாலையில் நட்டும் போல்ட்டும் செய்துவைப்பதுபோல, கம்ப்யூட்டர் நிரல்களுக்கும் பொதுப் பாகங்களைச் செய்துவைத்து வேண்டிய இடத்தில் பொருத்த வேண்டும் என்பது அவர் வாதம்.

இன்று அது சாதாரண மனிதரின் கைக்கே வந்துவிட்டது. நிரல் எழுதத் தெரியாதவரும் தளம் அமைக்கப் பயன்படும் ‘பேஜ் பில்டர்’ என்ற சாதனங்கள் பல இருக்கின்றன. 2003-ல் வெளியான வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2018 டிசம்பரில் துண்டு துண்டாகப் பக்கம் கட்டும் முறை புகுத்தப்பட்டது. அச்சுக்கலையின் முன்னோடி கூட்டன்பர்க்கின் பெயரையே அந்தத் திட்டத்துக்குச் சூட்டினார்கள்.

நகல் வேறு, பொதுப் பாகம் வேறு

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு சங்கத்தின் தளத்தில் இருபது பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் அடியிலும் சங்கத்தின் முகவரியும் போன் எண்ணும் வேண்டும். முதல் பக்கத்தில் எழுதி மற்ற பத்தொன்பதிலும் ஒட்டிவிட்டால், அவை இருபது தனித்தனி நகல்கள். நாளைக்குச் சங்கம் வீடு மாறினால் இருபது இடத்திலும் திருத்தியாக வேண்டும். பதினெட்டில் திருத்தி இரண்டை மறந்தால், அந்த இரண்டைப் பார்த்து வருகிறவர் பழைய வாசலில் போய் நிற்பார்.

பொதுப் பாகம் அப்படியல்ல. முகவரி ஓரிடத்தில்தான் இருக்கும். இருபது பக்கங்களும் அதையே எடுத்துக் காட்டும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கத்திலும் திருந்திவிடும். வேர்ட்பிரஸில் இதற்கு இருந்த பழைய பெயர் 2023 ஆகஸ்டில் ‘சிங்க்ட் பேட்டர்ன்’ என்று மாற்றப்பட்டது. சட்டம் பொதுவாக இருக்க, பெயரும் படமும் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாறும் வசதி 2024 ஜூலையில் சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு விட்ட இடம்போல என்று கொள்ளலாம்.

ஆதாயம் அவசரக்காரர்களுக்கே

இது அலுவலகத்துக்கு வேலை மிச்சம் என்ற அளவோடு நிற்பதில்லை. ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வாழ்கிறவருக்கு, தளத்தில் இருக்கும் ஒரு தவறான எண் ஒரு வாரச் சம்பளத்துக்குச் சமம். 2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் அருகே மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதியுள்ளவை என்று கண்ட குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது, மற்றவர்களுக்கு அதுவுமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது காகிதம். அந்தக் காகிதத்துக்கு யாரை அணுகுவது என்ற விவரம் சரியாகவும், தேடாமல் கிடைக்கும் இடத்திலும் இருக்க வேண்டும்.

கண்பார்வை இல்லாதவர்களுக்கு இது இன்னும் முக்கியம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பித் தளத்தைப் பார்க்கிறவர்கள் அவர்கள். அதற்குத் தக்கபடி ஒரு மெனுவை ஒரே முறை ஒழுங்காகச் செய்துவிட்டால், அதைப் பயன்படுத்தும் எல்லாத் தளத்திலும் அந்த ஒழுங்கு தானே வந்துவிடும். அரசுத் தளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிமுறை முதலில் 2009-ல் வெளியானது. அதன் மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. மத்திய அரசுத் தளங்களுக்கு நிறம், எழுத்துரு, சின்னங்களைப் பொதுவாக்கும் கையேடு 2025 பிப்ரவரியில் வெளியாயிற்று.

தவறும் பரவும்

நல்லது பரவுகிற அதே வாய்க்காலில் கெட்டதும் பரவும். பொதுப் பாகத்தில் ஓர் எண்ணைப் பிழையாக இட்டால் எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் பிழையாகும். ஒரு பக்கத்துக்கு மட்டும் என்று நினைத்துச் செய்த மாற்றம் தளம் முழுவதும் தெரிந்து சங்கடப்பட்டவர்கள் உண்டு. பொதுப் பாகத்தையே நீக்கிவிட்டால் அது இருந்த இடமெல்லாம் வெற்றிடமாகும்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். பொதுச் சட்டம் தமிழில் வந்துவிடும். உள்ளே நிரப்ப வேண்டியதை அந்தந்த அலுவலகம்தான் எழுத வேண்டும். தலைப்பு தமிழிலும் உள்ளே இருக்கும் உத்தரவு ஆங்கிலத்திலும் இருந்தால், மொழி மாற்றும் பொத்தானால் பயன் பாதிதான். கதவை எங்கோ செய்து தரலாம். வீட்டைப் பெருக்கி வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

தில்லியில் சங்கத்துக்கோ, கோயில் கமிட்டிக்கோ, மெஸ்ஸுக்கோ மாலை வேளையில் தளம் அமைத்துக் கொடுக்கும் இளைஞர்கள் சில விஷயங்களை நினைவில் வைப்பது நல்லது. முகவரி, எண், நேரம், கட்டணம் ஆகியவை பல பக்கங்களில் வருமானால் பொதுப் பாகமாக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பொருளில் வேறான இரண்டை ஒன்றாகக் கட்டக் கூடாது. காலைச் சிற்றுண்டி நேரமும் ராச்சாப்பாட்டு நேரமும் ஒரே பெட்டியில் இருந்தால் ஒன்றை மாற்றும்போது மற்றதும் கெடும். ஒவ்வொரு பாகத்துக்கும் பிறர் புரிந்துகொள்ளும் பெயர் வைக்க வேண்டும். திருத்தும் முன் அது எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தளத்தை ஒப்படைக்கும்போது இவற்றைத் தாளில் எழ்திக் கொடுத்தால், அடுத்து வரும் செயலாளர் திண்டாட மாட்டார்.

தளத்தைப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாவட்டத் தளத்தின் அடியில், கடைசியாகப் புதுப்பித்த நாள் என்று ஒரு தேதி இருக்கும். நாம் தேடிய எண்ணையே அன்று சரிபார்த்தார்கள் என்று அதை வைத்து முடிவு கட்டுவதற்கில்லை. ரயில் டிக்கட்டுக்குப் பணம் கட்டும் முன் அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வதே உத்தமம்.