பி.எஸ்சி. சேர்ந்தா அவ்ளோதானா? ஐ.ஐ.டி. வரை போக 3 வருடத்தில் செய்ய வேண்டியவை என்னென்ன?

"இன்ஜினியரிங் கிடைக்கல, அதான் பி.எஸ்சி. பிசிக்ஸ்ல சேர்ந்துட்டேன்."

கலை அறிவியல் கல்லூரிகளின் முதல் வருட வகுப்பில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் பதில் இது. கேட்கிற சொந்தக்காரரும், "பரவால்ல, அப்புறம் பி.எட். பண்ணிக்கலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பி.எஸ்சி. என்பது மூடின கதவா? கண்டிப்பா இல்லை. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். இருவரும் அதன்பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் பொறியியல் சேர்ந்தார்கள். இன்றைக்கு வழி கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் வழி இருக்கிறது. பலர் அதைத் தவறவிடுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. எதை எப்போது செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாததுதான்.

ஜாம் தேர்வு என்றால் என்ன?

ஐ.ஐ.டி.க்குள் நுழைய பிளஸ் 2 முடித்ததும் எழுதும் ஜே.இ.இ. மட்டும்தான் வழி என்று நினைக்கிறோம். பி.எஸ்சி. முடிப்பவர்களுக்கு 'ஜாம்' என்ற தனி நுழைவுத் தேர்வு உண்டு. இதில் தேர்ச்சி பெற்றால் ஐ.ஐ.டி.களில் 2 வருட எம்.எஸ்சி. சேரலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புக்கும் இந்த மதிப்பெண் உதவும். பல என்.ஐ.டி.களும் இதை வைத்துத்தான் எம்.எஸ்சி. இடங்களை நிரப்புகின்றன.

இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளாதாரம் என 7 தாள்கள். 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். நான்கில் ஒரு விடையைத் தேர்வு செய்யும் கேள்விகளுக்கு மட்டும் தவறான பதிலுக்கு மதிப்பெண் குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உள்ள கேள்விகளுக்கும், விடையை எண்ணாக டைப் செய்யும் கேள்விகளுக்கும் மைனஸ் கிடையாது. வயது வரம்பும் இல்லை.

முக்கியமான தேதி எது?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேர்வு வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அதாவது மூன்றாம் ஆண்டு தொடங்கிய சில மாதங்களிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். "டிகிரி முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்தால் ஒரு வருடம் போச்சு.

வருடவாரியாக என்ன செய்யலாம்?

முதல் வருடம்: பாடத்திட்டத்தை டவுன்லோடு செய்து உங்கள் கல்லூரிப் பாடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பகுதி ஒன்றுதான். வித்தியாசம் கேள்வியில். செமஸ்டர் தேர்வு "விதியை விளக்குக" என்று கேட்கும். ஜாம் அந்த விதியை வைத்து ஒரு கணக்கைப் போடச் சொல்லும். அதனால் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் 10 கணக்காவது போட்டுப் பழகுங்கள்.

இரண்டாம் வருடம்: பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டெல். வகுப்புகளையும் காசு கட்டாமல் பார்க்கலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள். தேர்வானால் உதவித்தொகையோடு ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை பார்க்கலாம். ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாம் வருடம்: விண்ணப்பம், தேர்வு இரண்டும். அரியர் வைக்காதீர்கள். இடம் கிடைத்தாலும், குறித்த தேதிக்குள் பட்டம் முடித்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும்.

தமிழ் மீடியம் மாணவர்கள் என்ன செய்வது?

வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் கேள்விகள் பெரும்பாலும் சில வரிகள்தான். திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள்தான். ஒரு நோட்டில் உந்தம், திசைவேகம், மின்புலம் என்று தமிழ்ச் சொல்லையும் பக்கத்திலேயே அதற்கான ஆங்கிலச் சொல்லையும் எழுதிக்கொண்டே வந்தால், மூன்றாம் வருடத்தில் பயம் போயிருக்கும்.

சாதிச் சான்றிதழில் கவனம்!

நம்மிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசுக்கானது. ஐ.ஐ.டி. மத்திய அரசு நிறுவனம். அங்கே 27% ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் இடம் பெற, மத்திய அரசு படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்று செல்லும் என்பது அந்தந்த வருட அறிவிப்பில் இருக்கும். கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைந்தால் கையில் இருக்கும் சீட் கைநழுவலாம்.

எப்போது சம்பாதிக்க ஆரம்பிப்பேன்?

வீட்டில் கேட்கிற முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. பிளஸ் 2 முடிக்கும்போது 17 அல்லது 18 வயது என்றால், எம்.எஸ்சி. முடிக்கும்போது 22 அல்லது 23. அப்போது சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்று பிஎச்.டி. சேர்ந்தால், முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய் உதவித்தொகை. இது 2023 ஜனவரி முதல் அமலில் உள்ள தொகை. வீட்டு வாடகைப் படி தனி.

அதே நேரம், பி.இ. முடித்த உங்கள் நண்பர் அதற்கு முன்பே வேலைக்குப் போயிருப்பார். பிஎச்.டி. முடிய மேலும் 5 வருடம் ஆகலாம். முடித்ததும் நிரந்தர வேலை உறுதி என்றும் சொல்ல முடியாது. வீட்டுக் கடன் தலைக்கு மேல் இருந்தால் இதையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதா?

பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு எடுத்தால் இஸ்ரோ போன்ற நிறுவனங்களின் அறிவியல் உதவியாளர் பணிக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். டான்செட் எழுதி எம்.சி.ஏ. சேரலாம். பிளஸ் 2-ல் கணிதம் படித்திருந்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் கலந்தாய்வு உண்டு. இந்த வழிகளுக்கும் அந்த 3 வருடப் படிப்புதான் அடித்தளம்.

இன்னும் பிளஸ் 2-ல் இருப்பவர்களுக்கு?

அறிவியல்தான் பிடிக்கும் என்றால் பி.எஸ்சி. வரை காத்திருக்கத் தேவையில்லை. திருப்பதி, திருவனந்தபுரம், புனே உள்ளிட்ட 7 ஊர்களில் உள்ள ஐசர் நிறுவனங்கள் தனி நுழைவுத் தேர்வு நடத்தி 5 வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பில் சேர்க்கின்றன. புவனேஸ்வரில் உள்ள நைசருக்கு 'நெஸ்ட்' தேர்வு.

ஆக, அடுத்த முறை யாராவது "என்ன படிக்கிறே?" என்று கேட்டால், "இன்ஜினியரிங் கிடைக்கல" என்று ஆரம்பிக்க வேண்டாம். "பி.எஸ்சி. பிசிக்ஸ், ஜாமுக்குப் படிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். சொல்வதோடு நிறுத்தாமல், மூன்றாம் வருட செப்டம்பரை இப்போதே போன் காலண்டரில் குறித்து வையுங்கள்.