மெட்ராஸ் பிளேன்

பலாலி ஓடுதளத்திலிருந்து மீனம்பாக்கம் ஓடுதளத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 360 கிலோமீட்டர். பாக்கு நீரிணையைத் தாண்டிவிட்டால் அதன்பின் வடக்கே நேர் பாதைதான். ஏ9 வீதி வழியே கொழும்புக்குப் போவதென்றால் தூரம் அதைவிடக் கூட. அப்படியிருந்தும் என் வயதுக்காரருக்குச் சென்னை, கொழும்புக்கும் அப்பால் இருந்த ஊர்.

அம்மாவுக்கு அப்படியில்லை. அவர் பிறந்தது பலாலிக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டாம் உலகப் போருக்காகப் பிரித்தானியர் போட்ட ஓடுதளம் அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் பயணிகள் விமானம், ஒரு டகோட்டா, இரத்மலானையில் கிளம்பி இங்கே இறங்கி மதராஸுக்குப் போனது. டகோட்டாவின் வேகத்துக்குக் கடைசித் துண்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அம்மா சிறுமியாக வெங்காயத் தோட்டத்துக்குள் நின்று அந்த விமானங்களுக்குக் கை காட்டியவர். "மெட்ராஸ் பிளேன் போட்டுது, உலையை வையுங்கோ" என்று அம்மம்மா குரல் கொடுப்பாராம். அந்த வீட்டுக்கு மணிக்கூடே அதுதான்.

எழுபதுகளின் இறுதியில் அந்தச் சேவை நின்றது. பிறகு போர். 1990இல் கிராமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஓடுதளத்தைச் சுற்றிக் கம்பி வேலி எழும்பியது.

2014இல் சென்னையில் சின்னம்மா தவறிப்போனார். செய்தி வந்தது பின்னேரம் நாலு மணிக்கு. அம்மாவிடம் விசா இருந்தது, வழிதான் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினோம். முறிகண்டியில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்கள். அம்மா இருக்கையை விட்டு எழும்பவில்லை. விடிந்தபோது கொழும்பு. அங்கிருந்து கட்டுநாயக்கா. அன்றைய விமானத்தில் இடமில்லை, மறுநாள்தான் கிடைத்தது. சென்னை போகத் தெற்கே ஓர் இரவு முழுக்க ஓடி, அதே தூரத்தை ஆகாயத்தில் திரும்பவும் வடக்கே பறந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தது காடாத்துக்கு. தங்கச்சியின் முகத்தைப் பார்க்க அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த 2 நாள்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

2019 அக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் வந்து இறங்கியது. சில மாதங்களில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கினார்கள். 2025 மார்ச்சிலிருந்து திருச்சிக்கும் பறக்கலாம். அது 200 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னைக்கு இப்போதும் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். டகோட்டாக் காலத்தில் இருந்த நேரம்தான் நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் அதை நம்மிடமிருந்து யாரோ எடுத்து வைத்திருந்ததுபோல இருக்கிறது எனக்கு.

போன முறை சென்னையிலிருந்து திரும்பும்போது அம்மாவுக்கு யன்னல் இருக்கை. விசிறிகளின் இரைச்சலில் அதிகம் பேச முடியவில்லை. கடல் வெளுத்துக் கரை தெரிந்ததும் நெற்றியைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். பனைகள், சிவப்பு மண், கூரையில்லாத சுவர்கள்.

"அந்தா, எங்கட கிணத்தடி."

நான் எட்டிப் பார்ப்பதற்குள் சக்கரம் தரை தொட்டுவிட்டது. எங்கள் காணி இன்னும் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. வீடு திரும்பும் வழியில், வேலி முடியும்வரை வண்டியை மெதுவாக விடச் சொன்னார் அம்மா.