இரும்புச் சத்து ஏறினால் நல்லதுதானே?

"அக்கா, ரிப்போர்ட்ல ஃபெரிட்டின் 2,400னு போட்டிருக்கு!" என்று தம்பி சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு அது. என் பெண்ணுக்கு 8 என்று வந்தபோது, டாக்டர் கொடுத்த மாத்திரையோடு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்து ஏற்றியவளாயிற்றே நான்! தம்பிக்கும் அதையேதான் செய்து கொண்டிருந்தேன்.

ஆனால் டாக்டரம்மா முகத்தில் சிரிப்பில்லை.

தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். மருந்தில் அடங்கிய நோய் மறுபடி தலைதூக்காமலிருக்க, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்வதாக இருந்தது. கூடப்பிறந்த ஒருவருடையது முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. என்னுடையது பொருந்தி விட்டது.

"இது கீரையால ஏறினது இல்லம்மா. ஆறு மாசமா ஏத்தின இரத்தத்தால வந்தது" என்றார் டாக்டர். ஒரு யூனிட் இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறதாம். மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ஈரலிலும் இதயத்திலும் படியும். உடம்புக்குள் அழற்சி இருந்தாலும் இந்த அளவு ஏறும். சிகிச்சைக்கு முன்பே ஃபெரிட்டின் மிக அதிகமாக இருந்தவர்களில் பிழைத்தவர்கள் குறைவு என்று 2007லேயே ஆராய்ச்சி வெளியாகியிருக்கிறது. ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தாலும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறியிருந்தாலும் கவலைதானாம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. "அப்ப என் தம்பி பிழைக்க மாட்டானா டாக்டர்?"

"பல பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கும்மா இது. இவர் ஒருத்தருக்கு என்ன ஆகும்னு இது சொல்லாது. எதுல கூடுதல் கவனம் வேணும்னு எங்களுக்குச் சொல்லுது, அவ்வளவுதான்."

அன்றோடு என் இரும்பு வைத்தியம் நின்றது. ஈரலைச் சோதித்தார்கள், மருந்துகளைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். எனக்குச் சில நாள் ஊசி போட்டு, மெஷின் மூலம் என் இரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்து அவனுக்கு ஏற்றினார்கள்.

பிறகு தினம் ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தோம். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள் மூன்று நாள் தொடர்ந்து 500க்குக் குறையாமல் இருந்தால், புதிய செல்கள் வேர் பிடித்ததாக அர்த்தம். தம்பிக்குப் பதினேழாம் நாள் 500ஐத் தொட்டது, பிறகு இறங்கவில்லை. பிளேட்லெட் ஏற இன்னும் பத்து நாளாயிற்று.

பக்கத்து அறைப் பையனுக்கு ஃபெரிட்டின் தம்பியைவிட மிகக் குறைவு. ஆனால் அவன் வீடு திரும்பவில்லை. அவன் அம்மா கையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் டாக்டர் சொன்ன 'கணக்கு' எனக்குப் புரிந்தது.

இன்று தம்பிக்கு மூன்றாம் வருஷம் நடக்கிறது. இன்னமும் செக்கப் போகிறான்.

சகோதரிகளே, வீட்டில் யாருக்காவது அடிக்கடி இரத்தம் ஏற்றினால், டாக்டரைக் கேட்காமல் இரும்பு டானிக், சத்து மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட் எண்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த எண்ணைப் பார்த்து நீங்களாகவே நாள் எண்ண ஆரம்பிக்காதீர்கள். நான் எண்ணியிருக்கிறேன், இராத் தூக்கம் போனதுதான் மிச்சம்.