ஆராய்ச்சிக்கு நிதி: மார்க் போடுவது யார்? குலுக்கல் எதற்கு?

கொரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் கட்டலின் கரிக்கோ. 2023-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால், அதே ஆராய்ச்சிக்காக நிதி கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் ஒருகாலத்தில் வரிசையாக நிராகரிக்கப்பட்டன. நிதி கிடைக்காததால் 1995-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவியிறக்கமும் செய்யப்பட்டார்.

அப்படியென்றால், யாருக்கு நிதி என்பதை யார்தான் முடிவு செய்கிறார்கள்?

விண்ணப்பம் போனதும் என்ன நடக்கும்?

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தையே, அதாவது என்ஐஎச்-ஐயே எடுத்துக்கொள்வோம். அங்கே முதலில் மதிப்பிடுவது அதே துறையில் வேலை செய்யும் மற்ற விஞ்ஞானிகள். ஒரு விண்ணப்பத்தை வழக்கமாக மூன்று பேர் முழுசாகப் படித்து, 1 முதல் 9 வரை மார்க் போடுவார்கள். நம்ம ஊர் பரீட்சைக்கு நேர்மாறு: 1 வாங்கினால்தான் டாப்!

முதல் சுற்றில் பின்தங்கும் ஏறக்குறைய பாதி விண்ணப்பங்கள், பெரும்பாலும் கூட்டத்தில் விவாதத்துக்கே வராது. மீதியைக் குழுவே அலசி, உறுப்பினர்கள் தனித்தனியாக மார்க் தருவார்கள். விண்ணப்பித்தவரோடு சேர்ந்து வேலை செய்பவர் குழுவில் இருந்தால், அந்த நேரத்தில் அவர் வெளியே போய்விட வேண்டும்.

சராசரியைப் பத்தால் பெருக்கினால் வருவதுதான் இறுதி மதிப்பெண். பிறகு ஆலோசனைக் குழு பார்க்கும். கடைசி முடிவு நிறுவன இயக்குநருடையது.

சிக்கல் எங்கே?

மோசமான விண்ணப்பத்தை ஒதுக்குவது சுலபம். நல்ல பத்தில் மூன்றை மட்டும் பொறுக்குவதுதான் கஷ்டம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களிடையே ஒத்த கருத்தே இல்லை. அதாவது, யார் கையில் உங்கள் விண்ணப்பம் சிக்குகிறது என்பதும் முடிவை மாற்றலாம்.

அதற்காகக் குலுக்கலா?

ஆமாம், சில நாடுகளில் அதுவும் நடக்கிறது. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி கவுன்சில் ஒரு திட்டத்துக்கு 2013-லேயே இதைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் 2021 முதல், தரத்தில் பிரித்துப் பார்க்கவே முடியாத விண்ணப்பங்களுக்குக் குலுக்கல் போடுகிறது.

‘எல்லாம் அதிர்ஷ்டம்தானா?’ என்று கேட்காதீர்கள். நிபுணர்கள் தகுதி பார்த்த பிறகே சீட்டு எழுதப்படும். தரமில்லாத விண்ணப்பத்துக்குச் சீட்டே கிடையாது. எல்லைக்கோட்டில் நிற்பவர்களிடம், ‘நீங்கள் அரை மார்க்கில் தோற்றீர்கள்’ என்று சொல்வதைவிட இது நேர்மையானது என்பது ஆதரவாளர்களின் வாதம்.

நிராகரித்தால் அவ்வளவுதானா?

இல்லை. என்ஐஎச்-ல் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் விண்ணப்பித்தவர் கைக்கே வந்துவிடும். அதை வைத்துத் திருத்தி, 37 மாதங்களுக்குள் ஒருமுறை திரும்ப அனுப்பலாம். அதுவும் தவறினால், புது விண்ணப்பமாகவே போடலாம். ஒரு குழு ‘வேண்டாம்’ என்றதாலேயே அந்த யோசனை தவறாகிவிடாது. கரிக்கோவின் கதையே அதற்குச் சாட்சி.