தூரமும் நேரமும்

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 21 நிமிடமே வருகின்றது. கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் காட்டும். காரணம் யாது? ஓடுதளத்தில் ஊரும்போதும், ஏறி இறங்கும்போதும் முழு வேகம் கிட்டுவதில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,900 கிலோமீட்டர். தூரம் பத்து மடங்காயினும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கே.

திமிரியில் கணக்குக் கற்பித்த நாளில் நான் வலியுறுத்தியது ஒன்றுண்டு: விடை கண்டபின் கடிகாரத்தையும் நோக்குக. சிங்கப்பூர் நேரம் நம்மினும் இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 10 மணிக்குப் புறப்பட்டு, 4 மணி நேரம் பயணம் செய்யும் தந்தை, சென்னையில் 11.30 மணிக்கே வந்திறங்குவார். பிற்பகல் 2 மணிக்கு வரவேற்கச் செல்லும் மகன் அவரைக் காத்திருக்கச் செய்தவனாவான்.