காலியாக இருந்த அறை

ஆராதனை முடிந்து, சபை ஹாலில் காபிக்கு வரிசையில் நிற்கும்போது எங்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு.

"என்ன அக்கா, பாப்பா எப்போ வருது?"

அன்பாகத்தான் கேட்கிறார்கள். எங்களுக்காக ஜெபிக்கிறவர்கள்தான் கேட்கிறார்கள். ஆனால் நாலாவது வருஷமாக நாங்கள் சொல்லும் பதில் ஒன்றேதான்: "இன்னும் கூப்பிடல."

எங்களுக்கு ஒரு மகன். அவனுக்கு ஒரு தம்பியோ தங்கையோ இந்தியாவிலிருந்து தத்தெடுத்து வளர்க்க வேண்டும் என்பது திருமணமான புதிதிலேயே நாங்கள் பேசி வைத்த காரியம். என் கணவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் அதைத் தொடங்க முடிந்தது. இந்த வழியில் பிள்ளையைக் கொண்டுவரக் கணவன் மனைவியில் ஒருவராவது இந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது.

2022-ல் காகிதங்கள் தொடங்கின. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். வருமானம், உடல்நலம், நாங்கள் வளர்ந்த விதம் எல்லாம் கேட்டார். 10 மணி நேரப் பயிற்சி வகுப்பு. வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் கைரேகை. எங்களோடு இருக்கும் என் மாமியாரும் வந்து பத்து விரலையும் வைத்தார்கள். "பேரப்பிள்ளையைத் தூக்குறதுக்குப் போலீஸ்கிட்ட கேட்கணுமா?" என்று நாகர்கோவில் பேச்சில் அத்தை கேட்டது எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்புதான்.

கடைசியில் இந்திய அரசின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில், சுருக்கமாகக் 'காரா'வில், எங்கள் பெயர் பதிவானது. அன்றைக்கே மாடியில் இருந்த சின்ன அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, தொட்டில் வாங்கிப் போட்டுக் கதவைச் சாத்தினோம்.

ஏன் இவ்வளவு நாள்?

இந்தியாவில் ஆதரவற்ற பிள்ளைகள் ஏராளமாச்சே, பிறகு ஏன் தாமதம் என்று பலர் கேட்பார்கள். இல்லங்களில் வளரும் எல்லாப் பிள்ளைகளையும் தத்துக் கொடுக்க முடியாது. பலருக்குத் தாயோ தகப்பனோ உறவினரோ இருக்கிறார்கள். யாரும் இல்லை என்று விசாரித்து உறுதி செய்து, சட்டப்படி அறிவித்த பிறகே ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலுக்கு வரும். 2024-25-ல் காரா வழியாக நடந்த தத்தெடுப்புகள் 4,515. அதில் 4,155 இந்தியாவுக்குள்ளேயே. காத்திருக்கும் பெற்றோரோ அதைவிடப் பல மடங்கு. சோதனைகள் நிறைய இருப்பது பிள்ளைகளைப் பாதுகாக்கத்தான். கடத்தலும் பணப் பேரமும் நடந்துவிடக் கூடாது என்றுதான் ஹேக் உடன்படிக்கை 1993-ல் உருவானது. இந்தியா 2003-லும் அமெரிக்கா 2008-லும் அதன்கீழ் வந்தன.

நம் மக்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1956-ல் வந்த தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு மட்டுமே. கிறிஸ்தவக் குடும்பங்கள் 1890-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 'காப்பாளர்' ஆகலாம், அவ்வளவுதான். வளர்த்த பிள்ளைக்குச் சொத்துரிமை தானாக வராது. சிறார் நீதிச் சட்டமும் 2006-ல் அதில் வந்த திருத்தமும்தான் எந்த மதத்தவரும் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்ற வழியைத் திறந்தன. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் தாத்தா பாட்டிமாரில் பலர் எடுத்து வளர்த்த பிள்ளைகளைச் சட்டத்தின்முன் "என் பிள்ளை" என்று சொல்ல முடியவில்லை. எங்களால் சொல்ல முடியும். அதற்காகக் காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தோம்.

"நாங்க காத்திருப்போம்"

ஆனால் காத்திருப்பது எங்கள் வீட்டை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

அழைப்பு வந்தால் இந்தியாவில் போய்த் தங்க வேண்டுமே என்று இரண்டு வருஷம் லீவே எடுக்கவில்லை. செலவு வருமே என்று எங்கும் போகவில்லை. இரவில் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினேன். இந்தியாவில் அப்போது பகல் அல்லவா? சிநேகிதி ஒருத்தியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று, தலைவலி என்று சொல்லி வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஐ-800ஏ அனுமதி 15 மாதம்தான் செல்லும். நீட்டிக்க வேண்டும் என்றால் வீட்டு ஆய்வையும் புதுப்பிக்க வேண்டும். அதற்காகச் சமூகப் பணியாளர் மறுபடி வந்தார். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீங்க எல்லாரும் சேர்ந்து சந்தோஷமா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சொன்னான்: "நாங்க பாப்பாவுக்காகக் காத்திருப்போம்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அப்போது ஏழு வயது. ஐந்து வயதிலிருந்து அவனுடைய நாட்களையும் அந்த மஞ்சள் அறைக்குள்ளே வைத்துப் பூட்டியிருந்தோம்.

அன்னாள் எப்போது சாப்பிட்டாள்?

அந்த வாரம் என் கணவர் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். அன்னாளின் கதை ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்ததுதான். அழுதாள், ஜெபித்தாள், சாமுவேல் பிறந்தான். ஆனால் நடுவில் இருப்பதை நான் கவனித்ததில்லை. வருஷந்தோறும் குடும்பமாகச் சீலோவுக்குப் பண்டிகைக்குப் போனார்கள். எல்க்கானா அவளுக்கு இரட்டிப்பான பங்கு கொடுத்தான். அவளோ சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். ஆலயத்தில் இருதயத்தை ஊற்றி ஜெபித்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அவள் சாப்பிட்டாள். அதற்குப் பின் அவள் முகம் துக்கமாக இருக்கவில்லை.

அப்போது அவள் மடியில் பிள்ளை இல்லை. கர்ப்பந்தரித்ததும் பிறகுதான். தட்டில் வைத்த பங்கை அவள் அதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டாள்.

இன்னொன்றும் பயிற்சி வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. தத்து வரும் பிள்ளை ஏற்கெனவே ஒரு பெரிய இழப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. அதன் துக்கத்தை நாம் ஆற்ற வேண்டும். நம் துக்கத்தை ஆற்றும் வேலையை அதன் தலையில் வைக்கக் கூடாது. சந்தோஷமே இல்லாத வீட்டில் வந்து இறங்கி, "இனி நீதான் எங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும்" என்றால், ஒன்றரை வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

கதவைத் திறந்தோம்

முதலில் அந்த அறைக் கதவைத் திறந்தோம். தொட்டிலை மடித்து அலமாரியில் வைத்தோம். மகனுடைய கீபோர்டு உள்ளே போனது. இப்போது சாயங்காலம் அங்கேயிருந்துதான் பாமாலை ராகங்கள் தப்பும் தவறுமாக வருகின்றன.

வெள்ளிக்கிழமை இரவு தோசை இரவு. மாவு ஊற்றுவது அவன், திருப்புவது அப்பா, குறை சொல்வது அத்தை. லீவில் பாதியை இந்தியப் பயணத்துக்கு ஒதுக்கி, மீதியை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். சாண்டி ஹுக் கடற்கரைக்குப் போனோம். 1,803 அடி உயர ஹை பாயின்ட்டில் ஏறி, நியூ ஜெர்சியிலேயே உயரமான இடத்தில் நின்று எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் வீட்டுக்கும் வரட்டும் என்று பெயர் கொடுத்தோம். அத்தை முந்திரிக்கொத்து செய்ய, வாலிபர்கள் ஒரு தட்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

அழுகை அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அன்னையர் தின ஞாயிறு இன்னும் கஷ்டம்தான். ஆனால் போன் இப்போது கீழே சமையலறையில் தூங்குகிறது.

தம்பி தங்கைகளே, உங்களில் பலரும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறீர்கள். கல்லூரி அட்மிஷன், அப்பாவின் கிரீன் கார்டு, 21 வயதுக்கு முன் அது வருமா என்ற பயம், வேலை, திருமணம். அது வந்த பிறகுதான் வாழ்க்கை என்று இன்றைய பங்கைத் தள்ளி வைத்துவிடாதீர்கள். காத்திருக்கும் குடும்பம் உங்கள் சபையில் இருந்தால், "எப்போ?" என்று கேட்பதற்குப் பதிலாக "சனிக்கிழமை சாப்பிட வாங்க" என்று கூப்பிடுங்கள். அந்த வீட்டில் இருக்கும் பிள்ளையை உங்களோடு பந்து விளையாடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா வளர்த்த பிள்ளைகளில் பலருக்குப் பிறந்தநாள் தெரியாது. அதனால் அவர்கள் அங்கே வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். இதை மகனிடம் சொன்னதும், பாப்பாவின் 'வந்த நாளுக்கு' சாக்லேட் கேக்தான் என்று அவனே முடிவு செய்துவிட்டான். எந்தத் தேதி என்று கர்த்தருக்குத் தெரியும்.

எங்கள் காலண்டரில் இப்போதைக்கு இருப்பது வருகிற சனிக்கிழமைதான். ஹாமன்டனில் புளூபெரி பறிக்கப் போகிறோம். காரில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது. யாராவது வருகிறீர்களா?