செங்கல்லும் ஏடும்
டஸ்கீகி தொழிற்கல்லூரியின் வரலாறு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. கற்ற கல்வி வாழ்க்கைக்குப் பயன்படல் வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆயினும், கறிக்கு உதவும் கல்வி மட்டும் போதுமா என்னும் வினா உடனே எழுகின்றது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலைக் கற்பித்து அவ்வளவில் நிறுத்திக்கொள்வதா, அன்றி உயர்கல்வியின் வாயிலையும் திறந்துவிடுவதா? இவ்வழக்கு பல நாடுகளில் நடந்ததுண்டு. அது மிகக் கூர்மையாக நடந்த இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் சிற்றூரில் 1881ஆம் ஆண்டு தோன்றிய தொழிற்கல்லூரியாகும்.

வாக்கின் விலை ஒரு பள்ளி

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றது. அடிமை முறையும் அவ்வாண்டில் ஒழிந்தது. பருத்தித் தோட்டங்களில் உழைத்துவந்த கறுப்பின மக்கள் விடுதலை பெற்றனர். ஆனால், விடுதலை பெற்றவர்களுள் பெரும்பாலோர்க்கு நிலமும் இல்லை, எழுத்தறிவும் இல்லை. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதையே தென்மாநிலங்கள் பல சட்டத்தால் தடுத்திருந்தன. ஆகவே, பலர் பழைய தோட்டங்களிலேயே வாரத்திற்கு உழுது, கடனுக்கு ஆட்பட்டு வாழ்ந்தனர்.

டஸ்கீகியில் லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் இருந்தார். முன்னர் அடிமையாக இருந்த இவர் தகரவேலை, செருப்புத் தைத்தல், குதிரைச் சேணம் செய்தல் ஆகிய தொழில்களில் வல்லவர். எழுதப் படிக்கவும் அறிந்தவர். 1880ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்ற வெள்ளையர் ஒருவர், கறுப்பின மக்களின் வாக்குகளைப் பெற்றுத் தருமாறு இவரை நாடினார். ஆடம்ஸ் பணம் கேட்கவில்லை. தம் மக்களுக்கு ஒரு பள்ளி கேட்டார். வென்றவர் சொல் தவறவில்லை. 1881இல் மாநிலச் சட்டமன்றம் ஆசிரியர் சம்பளத்திற்கென ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. நிலத்திற்கும் கட்டடத்திற்கும் ஒரு காசும் ஒதுக்கவில்லை. வாக்கின் விலையாகப் பிறந்த பள்ளி இஃது என்பதை ஈண்டு மனத்தில் இருத்திக்கொள்ளல் நன்று.

பள்ளியை நடத்த வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அடிமையாகப் பிறந்தவர், வர்ஜீனியாவிலுள்ள ஹாம்டன் கல்லூரியில் வேலை செய்துகொண்டே படித்துத் தேறியவர், அப்போது அவருக்கு வயது 25. 1881 ஜூலை 4ஆம் நாள், 30 மாணவர்களுடன் ஒரு தேவாலயத்தை அடுத்த குடிசையில் வகுப்புத் தொடங்கிற்று. மழை பெய்தால் கூரை ஒழுகும். மாணவர் ஒருவர் எழுந்து குடை பிடிக்க, அதன் கீழ் நின்று வாஷிங்டன் பாடம் கேட்பார். அம்முப்பதின்மருள் பெரும்பாலோர் ஏற்கெனவே சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர்கள். சிலர் நாற்பது வயதை நெருங்கியவர்கள். ஆம், டஸ்கீகி முதற்கண் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியே.

மூன்று சூளைகள் பொய்த்தன

சில மாதங்களில், ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட 100 ஏக்கர் தோட்டம் ஒன்று 500 டாலருக்கு விலை பேசப்பட்டது. முன்பணம் 250 டாலரை ஹாம்டன் கல்லூரியின் பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து கடனாகத் தந்தார். அங்கிருந்த குதிரை லாயமும் கோழிக்கூடும்கூட வகுப்பறைகளாயின. உடன் ஆசிரியராக வந்த ஒலிவியா டேவிட்சன் அம்மையார் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். நிலத்தைத் திருத்த வேண்டும் என்றபோது மாணவர்கள் முகம் சுளித்தனர். ஆசிரியராக இருந்த நாங்கள் காடு வெட்டுவதா என்று எண்ணினர். வாஷிங்டன் அறிவுரை கூறவில்லை. தாமே கோடரியை எடுத்து முன்னே நடந்தார். மாணவர்களும் பின்தொடர்ந்தனர்.

அடுத்து வேண்டியது கட்டடம். ஊரில் செங்கல் சூளை இல்லை. மாணவர்களே களிமண் பிசைந்து, கல் அறுத்துச் சூளை வைத்தனர். முதற்சூளை பொய்த்தது, இரண்டாவதும் பொய்த்தது, மூன்றாவதும் வேகும் தறுவாயில் சரிந்து வீழ்ந்தது. கையிலோ பணம் இல்லை. வாஷிங்டன் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார். அது வெந்தது. கடிகாரம் மட்டும் மீளவே இல்லை.

அச்சூளையின் பயன் கட்டடத்தோடு நிற்கவில்லை. பள்ளியை விரும்பாத வெள்ளையரும் நல்ல செங்கல்லைத் தேடி அங்கே வந்தனர். முதற் பத்தொன்பது ஆண்டுகளில் சிறிதும் பெரிதுமாக 40 கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் நான்கு நீங்கலாக ஏனையவை பெரும்பாலும் மாணவர் கையாலேயே கட்டப்பெற்றவை.

கற்பித்த முறை

டஸ்கீகியில் தொழிலும் பாடமும் தனித்தனியே ஓடவில்லை. தச்சுக்கூடத்து அளவை கணக்கு வகுப்பில் கணக்காயிற்று. வயலில் செய்த வேலை கட்டுரைக்குப் பொருளாயிற்று. பணமில்லாத மாணவர்க்கென 1884இல் இரவுப் பள்ளி தொடங்கப்பெற்றது. அவர்கள் பகலில் பத்து மணி நேரம் தொழில் செய்வர். இரவில் இரண்டு மணி நேரம் படிப்பர். கூலியின் பெரும்பகுதி அவர்களுடைய பின்னாளையப் பகற்படிப்புக்கென வரவு வைக்கப்படும்.

ஆசிரியர்களும் சிறந்தோராய் வாய்த்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லர் 1892இல் வந்து கட்டடக்கலை கற்பித்தார். 1896இல் வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1943இல் மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார். ஆண்டுதோறும் பருத்தியே பயிரிட்டு மண் வளமிழந்திருந்தது. காராமணி, நிலக்கடலை போன்ற பயிர்களை மாற்றிப் பயிரிட்டால், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் என்பதைக் கார்வர் உழவர்க்கு எளிய மொழியில் விளக்கினார். பள்ளிக்கு வர இயலாதவரிடம் பள்ளியே சென்றது: 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று சிற்றூர்களுக்குப் புறப்பட்டது.

1890களின் தொடக்கத்தில் கல்லூரி மாநில அரசின் ஆட்சியினின்று விலகித் தனி அறங்காவலர் குழுவின்கீழ் வந்தது. வடமாநிலச் செல்வர்கள் வாரி வழங்கினர். ஆண்ட்ரு கார்னகி 1903இல் அளித்த நன்கொடை மட்டும் 600,000 டாலர். 1915இல் வாஷிங்டன் மறைந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களும் ஏறத்தாழ 1,500 மாணவர்களும் 200 ஆசிரியர்களும் அங்கிருந்தனர். 38 தொழில்கள் கற்பிக்கப்பட்டு வந்தன.

எழுந்த வழக்கு

இனி, வழக்கின் மறுபக்கத்தை நோக்குவோம். 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், முதலில் தொழிலும் பொருளும், உரிமைகள் அவற்றின்பின் வரும் என்னும் கருத்தை வாஷிங்டன் வலியுறுத்தினார். வெள்ளையர் கைகொட்டி வரவேற்றனர். ஆனால், நடந்தது வேறு. 1901இல் அலபாமா இயற்றிய புதிய அரசியல் சட்டம், எழுத்தறிவையும் சொத்தையும் காரணம் காட்டி வாக்குரிமையைப் பறித்தது. ஏறத்தாழ 180,000ஆக இருந்த கறுப்பின வாக்காளர் தொகை, இரண்டோர் ஆண்டில் மூவாயிரத்துக்கும் கீழே வீழ்ந்தது. டஸ்கீகி பள்ளியைப் பெற்றுத் தந்த வாக்கே இல்லாமற் போயிற்று.

அறிஞர் டபிள்யு. இ. பி. டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட நூலில் இக்கொள்கையை மறுத்தார். வாக்குரிமையும் உயர்கல்வியும் இன்றித் தேடிய பொருளைக் காக்க இயலாது என்பது அவர் வாதம். அவர் எடுத்துக்காட்டிய மற்றோர் உண்மை ஆசிரியர்கள் கருதத்தக்கது. டஸ்கீகியில் கற்பிப்போரே உயர்கல்லூரிகளில் பயின்றவர்கள். அக்கல்லூரிகள் இல்லையேல் டஸ்கீகி ஒரு நாளும் நடவாது என்றார் அவர். டெய்லரையும் கார்வரையும் நினைத்துப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

வாஷிங்டனைக் கோழை என்று தள்ளிவிடலும் ஆகாது. அலபாமாவின் வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு அவர் மறைவாகப் பொருளுதவி செய்தார் என்பதை அவருடைய கடிதங்களை ஆராய்ந்தோர் பின்னர் வெளிப்படுத்தினர். பகைவர் நடுவே பள்ளி நடத்தியவர் அவர். சூளை எரியவேண்டுமே என்ற கவலை அவருக்கு இருந்தது.

தீர்ப்பு

காலப்போக்கில் கல்லூரியே இரு கருத்துகளையும் இணைத்துக்கொண்டது. 1927இல் கல்லூரிப் பட்ட வகுப்புகள் வந்தன. 1945இல் கால்நடை மருத்துவப் பள்ளி அமைந்தது. இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற கறுப்பின விமானிகள் 1941 முதல் அங்கே பயிற்சி பெற்றனர். 1985இல் கல்லூரி பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது.

இவற்றினும் சிறந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. கல்லூரியைச் சார்ந்த கறுப்பின மக்கள் மெல்ல மெல்ல வாக்காளராகப் பதிந்துவந்தனர். அதனைத் தடுக்க, 1957இல் மாநிலச் சட்டமன்றம் டஸ்கீகி ஊரின் எல்லையையே மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கங்களையுடைய கோணல் வடிவாயிற்று. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளருள் நால்வரோ ஐவரோ தவிர அனைவரும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டனர். கல்லூரியும் வெளியே போயிற்று. வெள்ளை வாக்காளர் ஒருவரும் வெளியேறவில்லை. இதனை எதிர்த்து வழக்காடியவர் சார்ல்ஸ் கொமில்லியன். அக்கல்லூரியிலேயே சமூகவியல் கற்பித்தவர். எல்லை மாற்றம் என்ற பெயரால் இனம் நோக்கி வாக்குரிமையைப் பறித்தல் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த நாள் 1960 நவம்பர் 14. வாஷிங்டன் மறைந்து சரியாக 45 ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

செங்கல் சூளை இல்லையேல் கல்லூரி இல்லை. கல்லூரி இல்லையேல் கொமில்லியன் அங்கே வந்திருக்கமாட்டார். எனினும், செங்கல்லோடு கல்வி நின்றிருந்தால், ஊரின் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டோர் அங்கேயே நின்றிருப்பர். கைத்தொழிலைக் கற்பிக்கும் ஆசிரியர் மேற்படிப்பின் வாயிலைச் சாத்திவிடாதிருத்தலும், மேற்படிப்பை நாடும் மாணவர் கைத்தொழிலை இகழாதிருத்தலும் வேண்டும். தகரம் தட்டிப் பிழைத்த லூயிஸ் ஆடம்ஸ் தம் வாக்கின் மதிப்பையும் அறிந்திருந்தார். அதனாலன்றோ அதனைக் கொடுத்துப் பள்ளியைக் கேட்டார்!